கல்லீரல் குளிரில் இருக்கும் நேரம்: அண்ணனின் மாற்று அறுவையில் நாங்கள் அறிந்தவை

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்துவரும் என் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, இனி மாற்று அறுவை ஒன்றே வழி என்று மருத்துவர்கள் சொன்னபோது, உறவினர் ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். எனக்கு ரத்த வகை பொருந்தவில்லை. அண்ணிக்குச் சர்க்கரை நோய். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிப்பவர்கள். ஆகவே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலுக்காக, மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் மருத்துவமனை வழியாகப் பதிவு செய்தோம். அந்தக் கல்லீரல் ஓர் உடலைவிட்டு எடுக்கப்பட்டு இன்னோர் உடலில் பொருத்தப்படும் வரை எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். காத்திருந்த மாதங்களில் எங்களுக்கு இடப்பட்ட கட்டளைகள் எல்லாம் அந்த இடைப்பட்ட சில மணி நேரத்தைச் சார்ந்தே இருந்தன. அந்தக் காரணம் புரிந்த பிறகுதான் கட்டளைகளைச் சலிப்பின்றிக் கடைப்பிடிக்க முடிந்தது.

பதிவு நடைமுறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகியவற்றைக் கொண்டு 'மெல்ட்' எனும் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. மதிப்பெண் கூடக்கூட நோயின் கடுமையும் கூடுதல் என்று பொருள். இந்த ரத்தப் பரிசோதனைகளைக் குறித்த இடைவெளியில் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கும் இடம் உண்டு என்பதால், அட்டையையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசியை இரவிலும் அணைக்கக் கூடாது, வெளியூர்ப் பயணம் கூடாது, காய்ச்சல் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும், அழைப்பு வந்த நொடியிலிருந்து எதுவும் உண்ணக் கூடாது, விரைவில் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் எழுதியே கொடுத்தார். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாக வேலூர் வந்துசேர ஒரு மணி நேரம் போதும் என்றாலும், நள்ளிரவில் வண்டி பிடிப்பதை நம்பியிருக்க வேண்டாம் என்று தோட்டப்பாளையத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் நிறைந்த ஊர் வேலூர் என்பதால், இத்தகைய அறைகள் எளிதாகவே கிடைக்கின்றன.

அண்ணி ஒருநாள் புறநோயாளிகள் பிரிவில் அமர்ந்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, ஐஸ்லதான வச்சி எடுத்துட்டு வர்றாங்க, ஒரு ரெண்டு நாள் வச்சிருந்து நிதானமா ஆபரேஷன் பண்ணக் கூடாதா?" அந்தக் கேள்வியை மருத்துவரிடம் அப்படியே வைத்தேன். "பாலை ஃபிரிட்ஜில் வைத்தால் கெடுவது தள்ளிப்போகும், நின்றுவிடாது அம்மா, இதுவும் அப்படித்தான்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, நான் வேதியியல் ஆசிரியர் என்று அறிந்ததும் என்னிடம் விரிவாகப் பேசினார்.

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வினைவேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதைப் பிளஸ் டூ வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். 37 டிகிரியில் இருந்த கல்லீரலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதன் செல்களுக்குத் தேவைப்படும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தருவதற்கும் அங்கே ரத்தம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. செல் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு குளிரில் ஓய்ந்துபோகிறது. சோடியம் உள்ளே புக, அதன் பின்னாலேயே நீரும் புக, செல் வீங்குகிறது. இந்த வீக்கத்தைத் தடுப்பதற்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதர்டும் 1980களில் உருவாக்கியதே யூ.டபிள்யூ. கரைசல். செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளான லாக்டோபயனேட்டும் ராஃபினோஸும் வெளியே நின்று நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. முன்னது பால் சர்க்கரையிலிருந்து பெறப்படுவது. பின்னது மொச்சையிலும் கொண்டைக்கடலையிலும் இருக்கும் சர்க்கரை. எளிய பொருள்களைக் கொண்டு இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறார்களே என்று நான் வியந்தேன், இன்றும் வியக்கிறேன். மீண்டும் ரத்தம் பாயும்போது உண்டாகி செல்களைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சமாளிக்கக் குளூட்டதயோனும் அலோபியூரினாலும் சேர்க்கப்படுகின்றன. இந்தக் கரைசல் வருவதற்கு முன்பு, எடுத்த கல்லீரலை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டிய நெருக்கடி இருந்தது. அதன் பிறகு நேரம் நீண்டது. ஆயினும் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டவிடாமல், முடிந்தவரை அதற்கும் வெகுமுன்பே பொருத்திவிடவே மருத்துவர்கள் முயல்கிறார்கள். எச்.டி.கே. எனும் இன்னொரு கரைசலும் பரவலாகப் பயன்படுகிறது. அது நீர்போல் இளகியது, பொட்டாசியமும் அதில் மிகக் குறைவு.

முதல் அழைப்பு ஒரு நள்ளிரவில் வந்தது. அண்ணனைச் சேர்த்து, ரத்தம் எடுத்து, உடலை மழித்துத் தயார் செய்தபின், விடியற்காலையில் அறுவை இல்லை என்று கூறிவிட்டார்கள். கொடையாளர் இருந்த ஊருக்குச் சென்ற குழு வயிற்றைத் திறந்து பார்த்தபோது, கல்லீரல் மஞ்சள் பாய்ந்து, கூர்மையாக இருக்க வேண்டிய அதன் ஓரங்கள் மழுங்கி இருந்திருக்கின்றன. சிறு துண்டை எடுத்து உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்ட செல்களில் பெரிய கொழுப்புத் துளிகள் தெரிந்திருக்கின்றன. கொழுப்பு மிகுந்த கல்லீரல் குளிரையும் அதன் பின் வரும் ரத்தப் பாய்ச்சலையும் தாங்காது, பொருத்திய பின் வேலை செய்யாமலே போய்விடக்கூடும். அண்ணி அழுதார், நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த மறுப்பு முற்றிலும் சரியானது என்றே அன்றும் நினைத்தேன். அழைப்பு வந்தாலே அறுவை உறுதி என்று காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. இதை ஒருங்கிணைப்பாளர்கள் முதல் நாளிலேயே விளக்கிவிட வேண்டும்.

இப்படி ஒதுக்கப்படும் கல்லீரல்களில் ஒரு பகுதியைக் காப்பாற்றவே இயந்திரங்கள் வந்திருக்கின்றன என்பதை அதன் பிறகு அறிந்துகொண்டேன். ஒரு வகையில், கல்லீரலை 37 டிகிரியிலேயே வைத்து, ரத்தச் சிவப்பணுக்களும் ஆக்சிஜனும் ஊட்டமும் கலந்த திரவத்தை அதன் நாளங்களில் ஓட்டுகிறார்கள். உடலுக்கு வெளியே இருந்தபடியே அது பித்தம் சுரக்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறையில் சேரும் லாக்டேட்டின் அளவு இறங்குகிறதா என்று பார்த்து, இது பிழைக்குமா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே மதிப்பிட முடிகிறது. ஐஸ் பெட்டியில் கிடக்கும் கல்லீரலிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஐரோப்பாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இம்முறையில் வைக்கப்பட்ட கல்லீரல்களுக்குச் சேதம் பாதியாகக் குறைந்ததும், ஒதுக்கப்பட்டவை பாதியாகக் குறைந்ததும், பாதுகாப்பு நேரம் கூடியதும் பதிவாகியுள்ளன. இன்னொரு வகையில் குளிரிலேயே வைத்து, ஆக்சிஜன் ஏற்றிய கரைசலை ஓட்டுகிறார்கள். இதயத்துடிப்பு நின்ற பின் பெறப்பட்ட கல்லீரல்களைக் கொண்டு நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பித்தநாளச் சுருக்கம் சாதாரண முறையில் 18 சதவீதமாகவும், இம்முறையில் 6 சதவீதமாகவும் இருந்தது. சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்திருந்து 2021இல் பொருத்தியிருக்கிறார்கள். செலவு மிகுந்த கருவிகள்தாம் இவை. ஆயினும், சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் பெருகிவரும் நம் மாநிலத்தில், கிடைக்கும் கொடைகளிலும் இத்தகைய கல்லீரல்கள் பெருகவே செய்யும் என்பதால், அரசு மையங்களுக்காவது இவை வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் அழைப்பு ஒரு பிற்பகலில் வந்தது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். எனவே அறுவை இரவில்தான் தொடங்கும் என்றார்கள். கொடையாளரின் குடும்பம் எது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை, கேட்கவும் கூடாது. 2023 செப்டம்பர் முதல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது. அவருக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் தொலைபேசியில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து செய்தி வந்த பிறகே அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். அங்கே பெருந்தமனியை இறுக்கிப் பிடித்து, ரத்தத்தை வடித்து, குளிர்ந்த கரைசலை உள்ளே ஓட்டும் அந்த நிமிடத்திலிருந்து குளிர்நேரம் எண்ணப்படுகிறது. கரைசலோடு ஒரு பை, அதைச் சுற்றி இன்னொரு பை, அதன் மேலும் ஒரு பை என்று மூன்று பைகளுக்குள் கல்லீரல் வருகிறது. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து அழிந்துவிடும். நெடுஞ்சாலையில் போலீசார் வழிவிட்டுக் கொடுக்க ஆம்புலன்சில் வந்திறங்கிய அந்தப் பெட்டியை நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். சாதாரண நீலநிற ஐஸ் பெட்டிதான். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, மேலே ஒரு தாளில் ரத்த வகையும், தமனி இறுக்கப்பட்ட நேரமும் பேனாவால் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. வாங்கிக்கொண்ட செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து வந்த நேரத்தை அதன் கீழேயே எழுதிவிட்டுத்தான் நகர்ந்தார்.

உள்ளே, தனி மேசையில் ஐஸ் நடுவே அதை வைத்துக் கொழுப்பையும் உதரவிதானத் துண்டுகளையும் நீக்கி, நாளங்களைச் சீர்செய்வார்களாம். பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிடும் முன், கரைசலை நன்றாகக் கழுவி வெளியேற்றுவது தவறவே கூடாத வேலை. யூ.டபிள்யூ. கரைசலில் பொட்டாசியம் லிட்டருக்கு 120 மில்லிமோலுக்கு மேல். நம் ரத்தத்திலோ 3.5 முதல் 5 வரைதான். கழுவாமல் விட்டால் அது நேரே இதயத்துக்குப் போய்த் துடிப்பையே நிறுத்திவிடும்.

அண்ணனின் கல்லீரல் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகவே குளிரில் இருந்தது. முதல் இரண்டு நாள்களில் கல்லீரல் செல்களின் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி. ஆயிரத்தைத் தாண்டியபோது பதறினோம், குளிரும் மறுபாய்ச்சலும் விட்ட தடம் அது, இனி இறங்க வேண்டும் என்றார்கள், அப்படியே இறங்கியது. புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸும் கிருமிக்கான மாத்திரையும் இனி என்றும் உண்டு. குளிர்நேரத்தின் பாதிப்பு பித்தநாளங்களில் மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால், காமாலையோ அரிப்போ குளிர்காய்ச்சலோ வந்தால் எம்.ஆர். ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்போது மருத்துவர்கள் முதலில் கேட்பது குளிர்நேரம் எவ்வளவு என்பதைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணி அந்தத் தாளின் நகலை மாத்திரைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.