37 வருடம் காத்திருந்த கட்டுரை

எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி ஓர் ஆராய்ச்சியாளரை எடைபோடும் பேச்சு வந்தாலே எனக்கு லியோன் சுவா ஞாபகம்தான் வரும்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மின்சுற்றின் அடிப்படை உறுப்புகளான ரெசிஸ்டர், கெபாசிட்டர், இண்டக்டர் மூன்றும் நமக்குப் பள்ளியிலேயே தெரியும், ஆனால் மின்னூட்டத்தையும் காந்தப் பாயத்தையும் நேராக இணைக்கும் நாலாவது ஒன்று இருந்தாக வேண்டுமே என்று 1971-இல் கணக்குப் போட்டே எழுதிவிட்டார். பெயர் மெம்ரிஸ்டர். தன் வழியாக எவ்வளவு மின்னூட்டம் போனதோ அதற்கேற்ப தடை மாறும், மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த அளவு அப்படியே நிற்கும். கையில் பொருள் இல்லை, அதனால் பெரிதாக யாரும் சீண்டவில்லை. (மனிதர் சும்மா இருக்கவில்லை, ஒழுங்கில்லாமல் அலையும் மின்சுற்றான சுவா சர்க்யூட் எல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான்.)

2008-இல் எச்.பி. ஆய்வகத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு டைட்டானியம் டை ஆக்சைடு மென்படலத்தில் அதைக் கண்டுவிட்டோம் என்று நேச்சர் இதழில் எழுதியது. அவ்வளவுதான், பழைய கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் கொட்ட ஆரம்பித்தன. எச்.பி. செய்தது நிஜமாகவே சுவா சொன்னதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது தனிக்கதை.

மூளையைப் போல சிப் செய்கிறவர்களுக்கு இது ஏன் இனிக்கிறது என்றால், நரம்பணுக்களுக்கு நடுவிலுள்ள இணைப்பும் ஏறக்குறைய இப்படித்தான், நினைவும் கணக்கும் ஒரே இடத்தில். இத்தனையையும் செய்யும் நம் மூளை சுமார் 20 வாட் மின்திறனில்தான் ஓடுகிறது.

ஆனால் 1990-இல் யாராவது மேற்கோளை மட்டும் பார்த்து அந்தக் கட்டுரைக்கு மார்க் போட்டிருந்தால்?