மாம்பழ சீசன்ல தபசு ஏறுறவர்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரில வேலை பார்க்கறவங்களுக்கு மே, ஜூன், ஜூலை இந்த மூணு மாசம்தான் எல்லாமே. காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர்னு எல்லா பக்கமிருந்தும் லோடு வந்துக்கிட்டே இருக்கும், எடை மேடைக்கு வெளிய லாரியும் டிராக்டரும் ரோட்டோரமா வரிசை கட்டி நிக்கும், ஷிஃப்ட் முடிஞ்சாலும் வீட்டுக்குப் போக முடியாது. அதே நேரத்துலதான் எங்க பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதக்கூத்தும் நடக்கும். பங்குனி சித்திரைல ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊர்ல ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டுலயும் கால் வச்சிருக்கற ஒரு மனுஷனுக்கு இது எவ்ளோ பெரிய பாடுன்னு கூட வேலை பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

நான் இருக்கறது லேப்ல. பழுக்க வைக்கிற ரூம பார்த்துக்கிற அண்ணன் ஒருத்தர், பகல்ல கிரேட் கிரேட்டா கிளிமூக்கு மாங்காய அடுக்கி வச்சு, பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு எவ்ளோ, சூடு எவ்ளோன்னு பார்த்துக்கிட்டு இருப்பாரு, ராத்திரி அரிதாரம் பூசிட்டா அவரு அர்ச்சுனன். வெறும் அர்ச்சுனன் இல்ல, தபசு ஏறுற அர்ச்சுனன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். அர்ச்சுனன் தபசு அன்னிக்கு கோயில் முன்னாடி உயரமான பனைமரத்த நட்டு படி வச்சிருப்பாங்க, அதுதான் தபசு மரம். வேஷம் கட்டுறவர் காப்பு கட்டி விரதம் இருந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடிக்கிட்டே மேல போவாரு. கீழ குழந்தை வரம் கேட்டு பொம்பளைங்க ஈரத்துணியோட காத்துக்கிட்டு இருப்பாங்க, உச்சிக்குப் போனதும் அவரு பூஜை பண்ணி எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் கீழ போடுவாரு. அர்ச்சுனனுக்கு சிவன் கிட்டருந்து பாசுபதாஸ்திரம் கிடைக்கப் போகுதுன்னு அங்க உக்காந்திருக்கற சின்னப் புள்ளைக்கு கூட தெரியும். முடிவு தெரிஞ்ச கதைக்கு ஜனங்க ஏன் மணிக்கணக்கா கழுத்த நிமித்தி பார்த்துக்கிட்டு நிக்கறாங்கன்னா, அவரு ஏறுறத பார்க்கத்தான். அஸ்திரம் வாங்குற இடம் சீக்கிரமே முடிஞ்சிடும், படி ஏறுறதுதான் கூத்துல பெரிய பாகம்.

லட்சியம், கனவுன்னு பேச ஆரம்பிச்சா இப்பல்லாம் உடனே ஒரு அட்வைஸ் வரும், பிடிச்சத பண்ணு, வேலைய தூக்கிப் போடு, பின்னாடி பணம் தானா வரும்னு. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு கிடையாது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி பஸ் ஏறுற ஜனங்க இருக்கற ஊரு இது, மழை தப்பினா அடுத்த வாரமே எவனாவது ஊர விட்டு கிளம்பணும். இந்த ஊர்ல வேலைய விட்டுட்டு கனவுக்கு போன்னு சொல்றவருக்கு வீட்ல வேற யாரோ சம்பாதிக்கறாங்கன்னுதான் நான் எடுத்துக்குவேன்.

அந்த அண்ணன் கிட்ட ஒரு தடவ இதையே கேட்டேன். ஏண்ணா இவ்ளோ நல்லா ஆடறீங்க, பேசாம முழுசா கூத்துக்கே போயிடலாம்லன்னு. அவரு கிரேட்ல இருந்து ஒரு காய எடுத்து காம்பு பக்கம் கட்டை விரலால அமுக்கி பார்த்துக்கிட்டே சொன்னாரு, "தம்பி, இந்த சம்பளம் இருக்கறதாலதான் நான் எவன் சொன்னாலும் பாட்ட குறைக்க மாட்டேங்கறேன். சீக்கிரம் முடி, ரெண்டு சினிமா பாட்டு போடுன்னு கேக்கறாங்க. வயித்துக்கு அத நம்பி இருந்தா நான் போட்டுத்தான் ஆகணும்." அவ்ளோதான், அடுத்த கிரேட்டுக்கு போயிட்டாரு.

அன்னிலருந்து எனக்கு ஃபேக்டரிய பத்தின நெனப்பே மாறிப் போச்சு. அதுவரைக்கும் வேலைதான் நம்ம நேரத்த தின்னுது, அது இல்லன்னா நாம எங்கயோ இருந்திருப்போம்னு எல்லாரையும் போலத்தான் நானும் நெனச்சிருந்தேன். அவருக்கு வேலைங்கறது கூத்த சுத்தி கட்டின மதில். சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துடுறதால படிக்கு ஒரு பாட்டுன்னா படிக்கு ஒரு பாட்டுதான், ஒண்ண கூட விட மாட்டாரு. கூத்த மட்டுமே நம்பி இருக்கற கலைஞருங்க விட்டுக் கொடுக்கறத குறையா சொல்லல, அவங்க நிலைமை வேற, அவங்க புள்ளைங்களுக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். விட்டுக் கொடுக்காம இருக்கவும் ஒரு ஆதாரம் வேணும், அத இவரு மாம்பழத்துல கண்டுபிடிச்சிருக்காரு.

அதுக்கு கொடுக்கற விலையும் கண்ணால பார்த்திருக்கேன். விடிய விடிய ஆடிட்டு, காதோரம் அரிதாரம் சரியா போகாம, கண்ணு செவந்து போய் காலை ஷிஃப்டுக்கு வந்து நிப்பாரு. தபசு மரத்துல ஏறுறது ஒரே ஆளுன்னு தோணும், ஆனா அவருக்காக மத்த ஷிஃப்ட் ஆளுங்க மாத்திக் கொடுக்கணும், சார்ட்டிங் பெல்ட்ல இருக்கற அக்காங்க அவரு வர்ற வரைக்கும் சூப்பர்வைசருக்கு பதில் சொல்லணும், வீட்ல அண்ணி மாட்டையும் பசங்களையும் பார்த்துக்கணும். கதைலயும் அப்படித்தானே இருக்கு, அர்ச்சுனன் அஸ்திரம் தேடி போறப்போ தருமரும் பீமனும் பாஞ்சாலியும் காட்டுல காத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அவங்க காத்திருந்ததுக்கு யாரும் மரம் நடறதில்ல. அண்ணி ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்லன்னு அவரு சொல்லுவாரு, அத அண்ணி வாயால கேட்டாத்தான் நான் ஒத்துக்குவேன்.

இதுக்கு நேர் எதிரான ஒரு ஆளும் எங்க பக்கத்துல இருந்திருக்காரு. தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டிக்கு போனா சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கு. வத்தலக்குண்டுல பொறந்தவரு, 1908-ல வ.உ.சி. கூட ஜெயிலுக்கு போனவரு, ஜெயில்ல வந்த தொழுநோயோட வெளிய வந்தாரு. ரயில்ல ஏத்த மாட்டோம்னாங்க, அந்த உடம்போட நடந்தே ஊர் ஊரா போய் பேசினாரு. பாப்பாரப்பட்டில பாரத மாதாவுக்கு கோயில் கட்டணும்ங்கறதுதான் அவரு கனவு. 1923-ல சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினாரு, 1925-ல சிவா செத்துப் போயிட்டாரு, கோயில் வரல. பாரத மாதா நினைவாலயம்னு ஒண்ணு அங்க வந்தது கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சுத்தான். அவருக்கு மாச சம்பளமும் இல்ல, மதிலும் இல்ல. அங்க போய் நிக்கறப்போ நான் மேல சொன்ன கணக்கெல்லாம் பத்தல. அவரு வழி அண்ணன் வழிய விட பெருசுன்னு மனசு சொல்லுது, ஆனா அந்த வழில போன்னு இன்னொருத்தர சொல்ல எனக்கு வாய் வராது. அத அவங்கவங்களேதான் எடுத்துக்கணும்.

என் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு கதை எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, இப்ப அது கொஞ்சம் உருவம் மாறி, அண்ணன் பாடுற தபசு பாட்டையெல்லாம் அவரு பாடுற மாதிரியே எழுதி வைக்கிறதா ஆகியிருக்கு. அவருக்கு வாத்தியார் வாயால சொல்லிக் கொடுத்தது, காகிதத்துல எதுவும் கிடையாது. லேப்ல ஒவ்வொரு பேட்ச் வர்றப்பவும் ஒரு சொட்டு கூழ ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடில வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு பார்க்கணும், கிளிமூக்குக்கு 14 இருக்கணும், அல்போன்சான்னா 16. அப்புறம் புளிப்பு பார்க்க டைட்ரேஷன், அதாவது கலர் திரும்புற வரைக்கும் காரக் கரைசல விட்டு அளக்கறது. கூழே மஞ்சளா இருக்கறதால பிங்க் கலர் திரும்புறது சட்டுனு கண்ணுக்கு தெரியாது, நல்லா தண்ணி விட்டு கலக்கிக்கிட்டு, கடைசில சொட்டு சொட்டா விட்டு காத்திருக்கணும். ஒரு சொட்டு முந்தினாலும் ரீடிங் தப்பாயிடும். பாட்டு எழுதறதுக்கும் இந்தப் பொறுமை உதவுதுங்கறது எனக்கே ஆச்சரியம். அண்ணன் ஒரே அடிய ரெண்டு நாள் ரெண்டு விதமா பாடுவாரு, எது சரின்னு கேட்டா ரெண்டும் சரின்னுவாரு, அதனால ரெண்டையும் எழுதிக்கிறேன்.

கேன்டீன்ல சாப்பாட்டு நேரத்துல அவரு மெதுவா பாடுவாரு, நான் எழுதுவேன், பக்கத்து டேபிள்ல இருக்கற பசங்க சாப்பாட்ட நிறுத்திட்டு கேப்பாங்க. மரத்துல பாதி படி வரைக்கும் வந்திருக்கோம். மீதிய ஆகஸ்ட்ல லோடு குறைஞ்சதும் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு, அதுக்கப்புறம் கர்ண மோட்சத்தையும் ஆரம்பிக்கணும். கர்ணன் பாட்டு தெரிஞ்சவர் பாலக்கோடு பக்கம் ஒரு பெரியவர் இருக்காராம், வயசாயிடுச்சாம், வர்ற லீவுல ரெண்டு பேரும் போய் பார்க்கறதா இருக்கோம்.