லக்கேஜா, பார்சலா? ரசீதைப் படிக்காமல் நகராதீர்கள்

போன வருடம் ரயிலில் போய் டெல்லியில் இறங்கியபோது நாங்கள் ஐந்து பேரும் வந்துவிட்டோம், சைக்கிள்கள் வரவில்லை. மறுநாள் காலை என் மாணவிக்கு ஜூனியர் பெண்கள் 500 மீட்டர் டைம் ட்ரையல், அதாவது தனியாக ஓட்டி நேரத்தை அளக்கும் சைக்கிள் பந்தயம். 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தளத்தில் இரண்டே சுற்று. அதற்காக ஒரு வருடம் உழைத்திருந்தாள்.

தப்பு எங்கள் ஊரிலேயே நடந்துவிட்டது. முதல் நாள் பார்சல் ஆபீஸ் போனால் டிக்கெட் பிரிண்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பிரிண்டோடு போனால் சுற்றியது போதாதாம். அட்டை வாங்கி மறுபடி கட்டினோம். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கிளார்க் ரசீது போட்டார். “இதே வண்டியிலதானே சார் போகும்?” என்று கேட்டேன். “எல்லாம் போகும், கிளம்புங்க” என்றார். நான் ரசீதைப் பார்க்கவில்லை. பார்சல் என்று போட்டிருந்தது.

டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் நாம் போகும் வண்டியிலேயே சைக்கிள் வரும். பார்சல் என்றால் இடம் இருக்கும் வண்டியில் எப்போது வேண்டுமானாலும் போகும். எங்களுடையது இரண்டு நாள் கழித்து வந்தது.

வேறு மாநிலப் பயிற்சியாளர் ஒருவர் பெரிய மனதோடு சைக்கிள் கொடுத்தார். ஆனால் என் மாணவி பழகிய கியர் முன்னால் 48 பல், பின்னால் 15 பல். அதில் இருந்ததோ 50க்கு 14, மிதிக்க இன்னும் கனம். டிராக் சைக்கிளில் கியர் மாற்ற வழி கிடையாது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடலும் அவள் ஷூவுக்குப் பொருந்தவில்லை. ஸ்டார்ட்டில் அவள் எழுந்து நின்று மிதித்தும் சக்கரம் நகரத் தயங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த வருடம் மூன்று மணி நேரம் முன்னதாகவே போனோம். “லக்கேஜ் புக்கிங்” என்று வாய்விட்டுச் சொன்னேன், ரசீதை அங்கேயே நின்று படித்தேன். பெயர், போன் நம்பர், இறங்கும் ஸ்டேஷன் மூன்றையும் பொதியின் இரண்டு பக்கமும் மார்க்கரில் எழுதினோம். லக்கேஜ் பெட்டியில் சைக்கிள் ஏறும்வரை ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும். வண்டி புறப்படும் ஸ்டேஷனிலேயே ஏற்றுங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் இடத்தில் ஏற்றாமலே விட்டுவிடுவார்கள்.

அப்புறம், முன் சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க் நடுவே 100 மில்லிமீட்டர் மரக்கட்டை ஒன்றைச் செருகிக் கட்டுங்கள். மேலே மூட்டை விழுந்தால் ஃபோர்க் நசுங்கிவிடும். பெடலைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், இரவல் சைக்கிள் கிடைத்தாலும் மாட்டிக்கொள்ளலாம். இடது பெடல் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சீட் உயரத்துக்கு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் எங்கள் வண்டியிலிருந்தே மூன்று பொதிகளும் இறங்கின. அவள் ஓடிப்போய் அட்டையை விலக்கி உள்ளே கைவிட்டுத் தடவினாள்.

“மாஸ்டர், கட்டை அப்படியே இருக்கு!”