ஏழு நாள் பாதைக்கு ஒன்பது நாள் விடுமுறை

இந்த வருடம் வேலையிடத்தில் ஒன்பது நாள் விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். போன வருடம் ஏழு நாள்தான் கேட்டேன். ஹார்டாங்கர்விட்டாவை ஸ்கீயில் கடக்க நானும் நண்பனும் போட்ட திட்டம் போன மார்ச்சில் பாதியில் நின்றது காற்றால்தான், அது உண்மை. ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் எங்களை முன்னே தள்ளிக்கொண்டு போனது அந்த ஏழு. இந்த முறை திட்டத்தை அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், அதனால் இதை விரிவாக எழுதிவைக்கிறேன், போக நினைக்கிற வேறு யாருக்காவது உதவும்.

இடம் தெரியாதவர்களுக்கு: ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையில், தென் நோர்வேயின் நடுவில் கிடக்கிற பெரிய மேட்டுநிலம் ஹார்டாங்கர்விட்டா. கிட்டத்தட்ட 8,000 சதுர கிலோமீற்றர், சராசரியாக 1,100 மீற்றர் உயரம். மரம் என்று ஒன்று கிடையாது. மரம் இல்லை என்பதை வரைபடத்தில் பார்க்கும்போது விளங்காது, அங்கே போய் ஒதுங்க ஒரு இடம் தேடும்போதுதான் விளங்கும். தெற்கே ஹௌக்கெலிசேத்தர், வடக்கே ஃபின்செ. ஃபின்செ 1,222 மீற்றரில் இருக்கிற ரயில் நிலையம், பெர்கன் பாதையில் மிக உயரமானது, அங்கே போக வாகனத் தெருவே இல்லை. இரண்டுக்கும் இடையில் ஹெல்லவாஸ்பூ, லிட்லூஸ், சான்ட்ஹௌக், ரௌஹெல்லரென், துவா, க்ரெக்யா என்று குடில் குடிலாகத் தங்கிப் போனால் ஏறத்தாழ 150 கிலோமீற்றர், ஏழு நாள்.

போன வருடம் ஃபின்செயில் இறங்கித் தெற்கு நோக்கிப் போனோம். முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலை குடிலை விட்டு வெளிக்கிடும்போதே மேற்கே வானம் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. மைனஸ் 15 பாகை. வானிலைக் கணிப்பு மதியத்துக்குப் பிறகு காற்று 15 மீற்றர் வேகம் என்று சொன்னது. 15 பாகைக் குளிரில் வினாடிக்கு 15 மீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 29. இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், நண்பனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வெளிக்கிட்டோம், ஏனென்றால் ஒரு நாள் தங்கினால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச்சேர முடியாது.

பதினொரு மணிக்கெல்லாம் தரையும் வானமும் ஒன்றாகிவிட்டன. இங்கே குளிர்காலப் பாதைகளில் வழிகாட்ட மலைச்சுற்றுலாச் சங்கத்தார் பனியில் மரக்கிளைகளை நட்டுவைப்பார்கள், நடமாடுகிறவர்கள் எல்லாம் கிளை கிளையாகப் பார்த்துத்தான் போவார்கள். நான் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அடுத்த கிளை தெரியவில்லை. அவன் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே போய்த் தேடுவான், கிளை அகப்பட்டால் கயிற்றை இரண்டு தரம் இழுப்பான், நான் போய்ச் சேருவேன். இப்படி ஒரு கிளைக்குப் பத்து நிமிடம். இடையில் சாக்லேட் எடுக்க வலது கையுறையைக் கழற்றி வாயில் கவ்வினேன், வாயைத் திறந்து ஏதோ சொன்னேன், அவ்வளவுதான், கையுறை போய்விட்டது. விழுந்த சத்தம் இல்லை, பறந்த திசையும் தெரியாது. மேலதிகக் கையுறை பையின் அடியில், படுக்கைப்பைக்குக் கீழே. அதை எடுத்துப் போடுவதற்குள் நான்கு விரல் நுனியும் மெழுகுபோல வெளுத்து மரத்துப்போனது. அவன் என்னுடைய கையைத் தன் வயிற்றோடு சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு என் காதுக்குள் கத்தினான்: "மச்சான், திரும்புவம்."

திரும்பினோம். பின்காற்று என்பதால் வந்ததைவிட வேகமாகவே குடிலுக்குப் போய்ச்சேர்ந்தோம். விரல்கள் தப்பின. அங்கே இரண்டு இரவு கிடந்தோம், திங்கள் வேலையும் போகவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

நோர்வேயில் மலைக்குப் போகிற எல்லோருக்கும் மனப்பாடமான ஒன்பது விதிகள் உண்டு, ஃபியெல்வெத் விதிகள் என்பார்கள். 1967 ஈஸ்டர் விடுமுறையில் 18 பேர் மலையில் இறந்தபிறகு செஞ்சிலுவைச் சங்கமும் டி.என்.டி என்கிற மலைச்சுற்றுலாச் சங்கமும் நாடு முழுவதும் பரப்பியவை. இங்கே எல்லோரும் மலைக்குக் கொண்டுபோகிற க்விக் லுன்ஷ் சாக்லேட்டின் உறைக்குள்ளும் இவை அச்சடித்திருக்கும். எட்டாவது விதி: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. நான் அன்று கையுறையைக் கழற்றி எடுத்த சாக்லேட்டும் அதுதான்.

வெட்கமில்லை என்று எழுதிவிடலாம், ஆனால் திரும்புவதற்கு நாள் வேண்டுமே. நாள் கையில் இல்லாதவன் எட்டாம் விதியைக் காசு இல்லாமல் கடைக்குள் நிற்பவன் மாதிரித்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் நின்றேன்.

இந்த மேட்டுநிலம் என்னைவிட எவ்வளவோ திறமையானவர்களையும் இருத்தி வைத்திருக்கிறது. 1896 தையில் ரோல்ட் அமுன்ட்சன் தன் அண்ணனோடு இதைக் கடக்கப் போய், ஒரு இரவு பனியில் குழி தோண்டிப் படுத்து, விடியும்போது குழி மூடி ஐஸுக்குள் உறைந்துகிடந்தார், அண்ணன்தான் தோண்டி எடுத்தார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு தென்துருவத்தை முதலில் அடைந்தது அதே ஆள். 1943 மாசியில், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையின் கையிலிருந்த வெமொர்க் கனநீர் (அணு ஆய்வுக்குப் பயன்படும் நீர்) ஆலையைத் தகர்க்க வந்த ஆறு நோர்வேஜியர்கள் பரசூட்டில் இறங்கியதும் இங்கேதான். ஸ்கீயிலேயே வளர்ந்த பெடியள், போர்க்காலம், அவசரமோ அவசரம், அப்படியிருந்தும் இறங்கிய கையோடு புயல் பிடித்து ஒரு ஆளில்லாக் குடிலுக்குள் பல நாள் அடைந்துதான் கிடந்தார்கள். இதே வேலைக்காக முந்தைய ஒக்டோபரிலேயே இறங்கிக் காத்திருந்த நால்வர் உணவு தீர்ந்து பாசி தின்று குளிர்காலத்தைக் கழித்தார்கள், நத்தாரை ஒட்டி ஒரு துருவமான் கிடைத்த பிறகுதான் வயிறு நிறைந்தது. ஆலையைத் தகர்த்த பிறகு ஐந்து பேர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஸ்கீயில் சுவீடனுக்குப் போய்ச்சேர்ந்தார்கள். காத்திருக்கத் தெரிந்ததால்தான் போய்ச்சேர்ந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சரி, இந்த முறைத் திட்டம்.

திசையை மாற்றிவிட்டோம், தெற்கிலிருந்து வடக்கே. ஒஸ்லோவிலிருந்து ஹௌகசுண்ட் போகிற பஸ் ஹௌக்கெலிசேத்தர் வாசலில் இறக்கிவிடும். இங்கே அடிக்கிற காற்றில் பெரும்பங்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது, வடக்கே போனால் அது முகத்தில் அடிப்பது குறையும். முடிவில் ரயில், அது எந்த நாள் பிந்திப் போனாலும் இருக்கும். மேலதிக இரண்டு நாளையும் கடைசியில் சும்மா சேர்த்துவிடவில்லை. ஒன்று சான்ட்ஹௌக்குக்கு முன்னால், ஒன்று க்ரெக்யாவுக்கு முன்னால் என்று மனதில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் நடுப்பகுதியில்தான் ஒதுங்க வழி மிகக் குறைவு.

வெளியேறும் வழிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் க்ரெக்யாவுக்குக் கொஞ்சம் தெற்கே 7ஆம் இலக்கத் தெரு மேட்டுநிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. போன வருடம் அதை "அவசர வழி" என்று சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். ஆனால் புயல் அடிக்கிற நாளில் அந்தத் தெருவையே பூட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் வாகனங்களை விடுவார்கள். நமக்கு அது தேவைப்படுகிற நாளில்தான் அது இருக்காது. அதனால் இந்த முறை வட்டமெல்லாம் குடில்களுக்கு மட்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு இடமும் ஒரு நேரமும் எழுதியிருக்கிறோம்: இத்தனை மணிக்கு இந்த ஏரியின் முனைக்கு வராவிட்டால் திரும்புவது, அங்கே நின்று கதைக்கிறதில்லை. குளிரில் கதைத்து எடுக்கிற முடிவை நான் இனி நம்பமாட்டேன், வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எடுத்த முடிவைத்தான் நம்புவேன்.

குடில்கள்தான் இந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று. டி.என்.டி 1868இல் தொடங்கிய சங்கம். உறுப்பினருக்கு ஒரு திறப்பு தருவார்கள், ஒரே மாதிரித் திறப்பு, நாடு முழுக்கப் பூட்டிய குடில்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே. உள்ளே ஆள் இருக்காது. விறகு அடுக்கியிருக்கும், அலமாரியில் ஓட்ஸ், சூப், பேணி மீன் எல்லாம் இருக்கும். எடுத்ததை எழுதிவைத்துக் காசைக் கட்ட வேண்டும், யாரும் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். போகும்போது அடுத்தவர் வந்ததும் நெருப்பு மூட்ட விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை அப்படி யாரோ பிளந்து வைத்த விறகில் கை காய்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனாலும் குடிலை மட்டும் நம்பிப் போகவில்லை. இந்த முறை ஒரு புல்க், அதாவது இடுப்பில் கட்டி இழுக்கிற சறுக்குவண்டி எடுக்கிறோம், அதில் கூடாரமும் படுக்கைப்பையும் மண்வெட்டியும் போகும். அடுப்பு பென்சின் அடுப்பு. வாயு அடுப்பு இலகு, ஆனால் புட்டேன் 0 பாகைக்குக் கீழே சரியாக ஆவியாகாது, சுடர் சும்மா நீலமாகத் துடித்துவிட்டு அணைந்துபோகும். மேலதிகக் கையுறை இனிப் பையின் மேல்மூடியில், கையில் போடுகிறதுக்கு வார் தைத்து மணிக்கட்டில் கட்டியாயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி. தொலைபேசி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில். திசைகாட்டியும் கடதாசி வரைபடமும் கழுத்தில்.

சாப்பாட்டில்தான் அதிக நேரம் போனது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 4,000 கலோரிக்கு மேல் வேண்டும், பாரமும் கூடக்கூடாது. பருப்புக் கறியைத் தடிப்பாக வைத்து, ஓவனில் 60 பாகையில், கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு இரவு முழுக்கக் காயவைத்தேன். காலையில் தாளிலிருந்து உரித்தால் அப்பளம் மாதிரி வருகிறது, உடைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் கால் மணியில் திரும்பக் கறி. செத்தல் மிளகாய் வாசம் உட்பட. எள்ளுப்பாகு கொண்டுபோகலாம் என்று நினைத்தோம், எண்ணெயும் இனிப்பும் சேர்ந்த நல்ல சாமான். ஒரு இரவு உறைகுளிர்ப் பெட்டியில் மைனஸ் 18இல் வைத்து எடுத்துக் கடித்தேன், பல் போகப் பார்த்தது. அதனால் இப்போது அதை நொறுக்கிச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு வைத்திருக்கிறோம். கொண்டுபோகிற எல்லாவற்றையும் முதலில் அந்தப் பெட்டிக்குள் ஒரு இரவு வையுங்கள், என்னுடைய பெரிய சிபாரிசு இதுதான்.

பனிச்சரிவு பற்றிச் சுருக்கமாக: 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளை வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டுகிறார்கள், எங்கள் பாதை பெரும்பாலும் தட்டை, ஆனால் தெற்கே முதல் இரண்டு நாளும் சரிவுகளுக்குக் கீழால் போகிற இடங்கள் உண்டு, அவற்றைச் சுற்றிப்போகும் கோடு வரைந்தாயிற்று. ஏரிகளில் ஆறு வந்து விழுகிற, வெளியேறுகிற வாய்களுக்குக் கிட்டப் போவதில்லை. மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏற்றி இறக்குகிற ஏரிகளில் ஐஸ் கரையோரம் வெடித்திருக்கும், அவை இன்னும் மோசம். துருவமான் கூட்டம் தெரிந்தால் இருந்துவிடுவோம், அவை கடந்து போகட்டும். வைகாசியில் குட்டி போடப்போகிற தாய்கள், கடும் குளிர்காலத்தின் கடைசியில் எலும்பும் தோலுமாக நிற்பவை, நமக்குப் பயந்து ஓடுகிற ஓட்டம் அவற்றுக்குப் பெரிய செலவு.

அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "உனக்கென்ன விசரே, போன முறை கை போகப் பார்த்தது காணாதே?" என்றார். ஒன்பது நாள் கதையை விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த ரெண்டு நாளும் சும்மா இருந்து சாப்பிடவும் சேர்த்துச் சாமான் கொண்டுபோறியோ?" என்று கேட்டார். நான் கணக்குப் போட்டது ஏழு நாளுக்கு. அன்றிரவே இன்னும் இரண்டு நாள் பருப்புக்கு ஊறவைத்தேன்.

தங்கச்சியிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன்: பாதை, குடில்கள், கூடாரத்தின் நிறம், இருவர் உடுப்பின் நிறம். அடியில் ஒரு வரி. ஒன்பதாம் நாள் இரவு எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் பயப்பட வேண்டாம், பத்தாம் நாள் மதியம் 12 மணிக்கும் வராவிட்டால் 112க்கு எடு. அந்த நேரத்தை அவள் தன் கையால் சுவர்க் கலண்டரில் எழுதினாள். இனி மிச்சம் ஸ்கீயின் பிணைப்பு ஆணிகளை இறுக்கிப் பார்ப்பதும், குதிகாலுக்கு ஒட்டுத்துணி வெட்டி வைப்பதும்தான். பஸ் சனிக்கிழமை காலையில்.