ஒரு யுவான் டிக்கெட்

சீனாவின் மலிவு விலை விமான நிறுவனமான ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். அதன் நிறுவனர் வாங் ஜெங்ஹுவா அரசு வேலையை விட்டுவிட்டு 1981-ல் ஷாங்காயில் ஒரு சின்ன தகரக் கொட்டகையில் பயண ஏஜென்சி தொடங்கியவர். 2005 ஜூலையில் அவருடைய முதல் விமானம் பறந்தது.

அரசு நிறுவனங்கள் ஆண்ட வானத்தில் ஒரு தனியார் எப்படி நின்றார்? ஏர்பஸ் ஏ320 குடும்பம் மட்டும்தான், வேறு ரகமே கிடையாது. பைலட் பயிற்சி, உதிரி பாகம், மெக்கானிக் எல்லாம் ஒரே வகை, அதனால் செலவு குறைவு. பிசினஸ் வகுப்பைத் தூக்கிவிட்டு ஒரு விமானத்தில் 180 இருக்கைகள் போட்டார்கள், பிறகு 186. சாப்பாடு வேண்டுமா, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். டிக்கெட்டும் பெரும்பாலும் சொந்த இணையதளத்திலேயே விற்றார்கள், தரகர் கமிஷன் மிச்சம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த கைப்பை விதி: மலிவு டிக்கெட்டுக்கு 7 கிலோ, 20க்கு 30க்கு 40 சென்டிமீட்டர். நம் ஸ்கூல் பை அளவுதான்!

2006-ல் ஷாங்காய்–ஜினான் வழியில் ஒரே ஒரு யுவானுக்கு (சீன நாணயம்) டிக்கெட் விற்றார்கள். விலை விதியை மீறியதாக ஜினான் அதிகாரிகள் அபராதம் போட்டார்கள். அப்புறம் என்ன, நாடே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது.

வாங் தன் தலைமை நிர்வாகியோடு ஒரே சின்ன அறையைத்தான் அலுவலகமாகப் பகிர்ந்துகொண்டார். முதலாளியே சிக்கனமாக இருந்ததால்தான் டிக்கெட் விலையைக் குறைக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் முறையாக விமானம் ஏறும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.