இரண்டு கரண்டிச் சோறு: ஹீலோ நாட்குறிப்பு

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

கடை திறப்பது ஆறு மணிக்கு. சோறு நாலரைக்கே அடுப்பில் ஏறிவிட வேண்டும். ஹவாயின் பெரிய தீவில் இருக்கும் இந்த ஹீலோவில் வழக்கம்போல் மழை. பின்வாசலில் குடையை உதறி வைத்துவிட்டு அரிசி கழுவ உட்கார்ந்தேன். கலிபோர்னியாவில் விளையும் கால்ரோஸ் அரிசி. குட்டையாக, கொஞ்சம் ஒட்டும். பொன்னி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது சோறாகத் தெரியப் பல மாதம் ஆகும். ஆனால் ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளித் தட்டில் கவிழ்த்தால் உருண்டையாக நிற்க வேண்டுமே, அதற்குப் பொன்னி உதவாது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: வீட்டுக்காரருக்கு மவுனா கேயா மலை மேல் இருக்கும் தொலைநோக்கி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. எனக்கு இந்தக் கடையில் காலை ஷிப்ட். குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிற சாதாரண டைனர். மெனு அட்டையைப் பார்த்தால் எந்த ஊர்க் கடை என்று சட்டென்று பிடிபடாது. பான்கேக், மீட்லோஃப் (கொத்துக்கறியைக் கட்டியாக வேகவைத்தது), சில்லி என்கிற கொத்துக்கறிக் குழம்பு ஒரு பக்கம்; இலையில் கட்டி அவிக்கும் லாவ்லாவ், குழியில் வேகவைக்கும் காலுவா பன்றி, சைமின் நூடுல்ஸ் சூப் இன்னொரு பக்கம். நடுவே ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சிக்கன் கட்சு. எதைக் கேட்டாலும் கூடவே இரண்டு கரண்டிச் சோறும் ஒரு கரண்டி மக்ரோனி சாலடும் வரும். மீட்லோஃபுக்குக்கூடச் சோறுதான். பெருநிலத்திலிருந்து வரும் அமெரிக்கர்கள் இந்த இடத்தில்தான் ஒரு நொடி தயங்குவார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஆன்ட்டி (முதலாளியம்மாதான், இங்கே பெரியவர்கள் எல்லாரும் ஆன்ட்டி, அங்கிள்) முட்டை பில்லைக் கல்லா மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறவைக் காய்ச்சல் வந்து கோழிகள் கோடிக்கணக்கில் போனதிலிருந்தே இந்தப் பாடுதான். மார்ச் மாதச் சராசரி டஜனுக்கு 6.23 டாலர் என்று நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். அது நாடு முழுமைக்கும் சேர்த்து. தீவில் அதற்கு மேல்தான் இருக்கும். இங்கே சாப்பிடுவதில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் கப்பலில்தான் வந்து இறங்குகிறது.

கஷ்டம் என்னவென்றால் எங்கள் கடையில் அதிகம் போவது லோகோ மோகோ. சோற்றின் மேல் பர்கருக்குப் போடுகிற மாட்டுக்கறித் தட்டை, அதன் மேல் முட்டை, எல்லாவற்றுக்கும் மேல் பழுப்பு கிரேவி. இது பிறந்தது இதே ஹீலோவில், 1949இல், லிங்கன் கிரில் என்ற கடையில். லிங்கன் ரெக்கர்ஸ் என்று ஒரு விளையாட்டுக் கோஷ்டிப் பையன்கள், சாண்ட்விச் வேண்டாம், விலை மலிவாக, சீக்கிரமாக, வயிறு நிறைகிற மாதிரி ஏதாவது போடுங்கள் என்று கேட்டார்களாம். கடை நடத்திய இனோவே தம்பதி சோறு, கறி, கிரேவியைக் கிண்ணத்தில் போட்டு 25 சென்டுக்குக் கொடுத்தார்கள். முட்டை அப்புறம் வந்து சேர்ந்தது என்பார்கள்.

எங்கள் கடையில் இரண்டு முட்டை. ஹொனலுலுவில் இருந்துகொண்டு கணக்கு வழக்கைப் பார்க்கும் ஆன்ட்டியின் மகன், இனிமேல் ஒன்று போதும் என்று போனில் சொல்லிவிட்டான். கிரில்லில் நிற்கும் அங்கிள் காதில் அது விழுந்தது. பதில் பேசவில்லை. அடுத்து வந்த ஆர்டருக்கும் இரண்டைத்தான் உடைத்து ஊற்றினார்.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. சர்ச் முடிந்ததும் தாத்தா பாட்டி பேரன் பேத்தி என்று மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும். அதனால் இன்று மத்தியானமே மக்ரோனி சாலட் போட்டாகிவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்போ மக்ரோனியை இத்தாலிக்காரர் பார்த்தால் கோபப்படும் அளவுக்குக் குழைய வேகவிட வேண்டும். வடித்த கையோடு, ஆவி பறக்கும்போதே வினிகர் தெளிக்க வேண்டும். ஆறிய பின் தெளித்தால் உள்ளே இறங்காது, மேலேயே புளிக்கும். பிறகு துருவிய கேரட், துருவிப் பிழிந்த வெங்காயம், உப்பு, மிளகுத்தூள். கடைசியாக மயோனைஸ். அதிலும் பெஸ்ட் ஃபுட்ஸ் தவிர வேறு பிராண்டை ஆன்ட்டி கடைக்குள் விடமாட்டார். கிளறும்போது அதிகமாகிவிட்டது என்று தோன்றும், அப்போதும் இன்னும் இரண்டு கரண்டி போட வேண்டும், ஏனென்றால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கையில் மக்ரோனி அதைக் குடித்துவிடும். காலையில் எடுத்துக் கிளறி, இறுகியிருந்தால் கொஞ்சம் பால் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

அன்னாசி, நண்டு, உருளைக்கிழங்கு என்று சேர்க்கிற கடைகளும் உண்டு. எனக்கு இப்படிச் சும்மா இருப்பதுதான் பிடிக்கும். உப்பு தூக்கலான கறிக்கும் கிரேவிக்கும் பக்கத்தில் குளிர்ச்சியாக ஒன்று இருந்தால் போதும்.

ஏப்ரல் 16, புதன்

கவுண்டரின் ஓர நாற்காலி ஒரு தாத்தாவுக்கு என்றே ஆகிவிட்டது. ஹமாகுவா கரையோரச் சர்க்கரை ஆலையில், அது 1994இல் மூடும்வரை வேலை பார்த்தவர். காலை ஆறு மணிக்கு வந்து லோகோ மோகோவும் காப்பியும் சாப்பிடுவார். முட்டையை உடைத்து மஞ்சள் கருவைச் சோற்றில் வழியவிட்டு, கிரேவியோடு பிசைவதற்கு மட்டும் ஐந்து நிமிஷம். அவசரமே கிடையாது.

இன்று கூட்டமில்லை, பேச்சு கொடுத்தார். அவருடைய அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து கரும்புக்காட்டுக்கு வந்தவராம். முதல் ஆட்கள் அங்கிருந்து வந்தது 1906இல். அதற்கு முன்பே சீனர்கள் 1852இல், ஜப்பானியர்கள் 1868இல், போர்த்துகீசியர்கள் 1878இல். கொரியர்கள் 1903இல். நம்மவர்களைப் பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் ஏற்றிக்கொண்டு போன அதே சர்க்கரைதான் இங்கே இவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. மத்தியானச் சாப்பாட்டை நம் ஊர் அடுக்குத் தூக்கு மாதிரி ஒரு டப்பாவில் கொண்டுபோவார்களாம், கவ்கவ் டின் என்று பெயர். கீழ் அடுக்கில் சோறு, மேல் அடுக்கில் அவரவர் வீட்டுக் குழம்போ கருவாடோ ஊறுகாயோ. சோறு அவரவருடையது, மேல் அடுக்கு நடுவில், எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் மெனு எப்படி இப்படி ஆனது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். போர்த்துகீசிய சாஸேஜும் முட்டையும் சோறும் காலை உணவு. கட்சு ஜப்பானியருடையது, முட்டையில் தோய்த்துப் பொரிக்கும் மாட்டுக்கறி மீட் ஜுன் கொரியருடையது. எந்தச் சமையல்காரரும் உட்கார்ந்து யோசித்துச் சேர்த்தது இல்லை.

ஸ்பாம் என்கிற டப்பாப் பன்றிக்கறி மட்டும் வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிருந்த ஜப்பானிய மீனவர்களைக் கடலுக்குப் போகவிடவில்லை, மீன் குறைந்தது. சிப்பாய்களுக்காக டப்பாக் கறி கப்பல் கப்பலாக இறங்கியது. ருசி அப்படியே தங்கிவிட்டது. ஷோயுவும் (சோயா சாஸ்) சர்க்கரையும் விட்டுப் பொரித்து, சோற்றுக் கட்டியின் மேல் வைத்து, காய்ந்த கடற்பாசித் தாளால் கட்டி விற்கிறோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கையில் அதுதான். எனக்கு உப்புக் கரிக்கிறது, நான் தொடுவதில்லை.

ஏப்ரல் 26, சனி

மெர்ரி மோனார்க் வாரம், ஹூலா நடனத் திருவிழா. எழுத நேரமே இல்லை. ஹூலா ஆடும் குழுக்கள் மற்ற தீவுகளிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்து ஊரில் ஓர் அறைகூடக் காலி இல்லை. காலையில் ஊர்வலம், இரவு கடைசிப் போட்டி. கடை டிவியில் நேற்று காஹிகோ என்கிற பழைய பாணி ஹூலா ஆட்டம் ஓடியபோது அங்கிள் கிரில்லை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். மேசையில் இருந்தவர்களும் யாரும் ஆர்டர் எங்கே என்று கேட்கவில்லை.

லாவ்லாவ் பத்து மணிக்கே தீர்ந்தது. கீலாவேயா எரிமலை விட்டு விட்டுப் பொங்குகிறதே, அதைப் பார்க்க வந்த கூட்டம் வேறு. "எப்போது பொங்கும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குச் சோறு எப்போது பொங்கும் என்று தெரியும்.

மே 3, சனி

லாவ்லாவ் கட்ட உட்கார்ந்தோம், நானும் ஆன்ட்டியும். லுவாவ் இலை என்பது வேறொன்றும் இல்லை, சேம்பு இலைதான். காம்பைக் கிள்ளி, நாலைந்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் விரித்து, நடுவே கல்லுப்புப் போட்ட பன்றிக்கறித் துண்டும் உப்பு மீன் துண்டும் வைத்து மடித்து, டி என்கிற அகலமான இலையால் சுற்றிக் கட்ட வேண்டும். வெளி இலையைச் சாப்பிடக் கூடாது என்று புதியவர்களுக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஆவியில் நாலு மணி நேரம். அவசரப்பட்டு இறக்கினால் தொண்டை அரிக்கும், இலையில் இருக்கும் ஆக்சலேட் செய்கிற வேலை. நம் ஊரில் புளி விட்டு அடக்குவோம், இங்கே நேரத்தாலேயே அடக்குகிறார்கள்.

காலுவா பன்றியை முறைப்படி செய்ய, மண்ணில் குழி வெட்டிக் கல்லைச் சூடாக்கி, வாழைத்தண்டும் இலையும் போட்டு மூடி வேகவைக்க வேண்டும். டைனரில் குழிக்கு எங்கே போவது? தோள்கறியில் உப்புத் தேய்த்து, பாட்டிலில் வரும் புகைச்சாறு கொஞ்சம் தெளித்து, இலையும் ஃபாயிலும் சுற்றி ராத்திரி முழுக்க ஓவனில் விடுகிறோம். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் குழியில் வெந்ததைச் சாப்பிட்டவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். வாசல் வரை வரிசை. எல்லா அம்மாக்களும் கழுத்தில் பூமாலையோடு. முட்டை இரண்டு மணிக்குத் தீர்ந்துபோய், ஆன்ட்டியின் மகன் (லீவுக்கு வந்திருக்கிறான்) சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினான். திரும்பி வந்து பில்லை அங்கிளிடம் காட்டினான். அங்கிள் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "சரி, அதற்கு?" என்றார்.

மே 23, வெள்ளி

1960இல் இதே தேதியில், நடுராத்திரி தாண்டி 1.04 மணிக்குப் பெரிய அலை ஹீலோவுக்குள் வந்தது. முந்தின நாள் சிலியில் 9.5 அளவில் பூகம்பம். அலை பசிபிக்கைக் கடந்து வர ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. மாலையே சைரன் ஊதியும் பலர் கிளம்பவில்லை, 61 பேர் இறந்துபோனார்கள். 1.04இல் நின்றுபோன வையாகேயா கடிகாரம் இன்றும் கமேஹமேஹா அவென்யூவில் நிற்கிறது. குடியிருப்பு இருந்த இடமெல்லாம் பூங்காவாகவும் புல்வெளியாகவும் கிடக்கிறது.

தாத்தா இன்று கஃபே 100 பற்றிச் சொன்னார். யுத்தத்தில் 100வது காலாட்படை பட்டாலியனில் இருந்த ரிச்சர்ட் மியாஷிரோ, ஊர் திரும்பி 1946இல் தொடங்கிய கடை. பட்டாலியன் ஞாபகமாகத்தான் அந்தப் பெயர். திறந்த சில மாதத்திலேயே ஏப்ரல் 1 சுனாமியில் போயிற்று. மறுபடி கட்டினார். 1960 மே மாதம் புதிய இடத்தில் திறந்து மூன்று வாரம், மறுபடி அலை. 1962இல் கடலைவிட்டுத் தள்ளி கீலாவேயா அவென்யூவில் திரும்பத் திறந்தார். லோகோ மோகோவை ஊர் முழுக்கப் பரப்பியதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆன்ட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். தாத்தா போன பிறகு மகனைக் கூப்பிட்டு, முட்டை இரண்டாகவே இருக்கட்டும், விலையில் 75 சென்ட் ஏற்று என்றார். ஆக்ஸ்டெயில் (மாட்டுவால்) சூப்புக்கு மூன்று டாலர் ஏற்றம். பேச்சு முடிந்தது. இவர்கள் இருவரும் முழுதாக ஒரு நிமிஷம்கூட வாதாடி நான் பார்த்ததில்லை.

என் கருத்தைக் கேட்டிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். இந்தத் தட்டு வயிறு நிறைவதற்காக வந்தது. ஒரு முட்டையைக் குறைத்துவிட்டு அதே பெயரில் விற்பது சரியாக வராது.

ஜூன் 2, திங்கள்

புதிய மெனு அட்டை வந்துவிட்டது. மகன் விட்டுக்கொடுத்த மாதிரிக் காட்டிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: மினி லோகோ மோகோ, ஒரு கரண்டிச் சோறு, ஒரு முட்டை.

தாத்தாவிடம் அட்டையை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"மினியா? அது யாருக்கு?"

"கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு, அங்கிள்."

"கொஞ்சமாகச் சாப்பிடுகிறவன் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று வழக்கமானதையே கேட்டார். பிசைந்து சாப்பிட்டு, காப்பியை இரண்டாவது முறை நிரப்பச் சொல்லி, பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். தட்டுக்குக் கீழே எப்போதும் வைக்கும் டிப்ஸில் சரியாக 75 சென்ட் குறைவு.

ஆன்ட்டியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மத்தியானம் சரக்கு லாரி வந்தது. முட்டை விலை இறங்கியிருக்கிறது. அட்டை முந்நூறு அச்சடித்தாயிற்று.