மேலே போகும் நாணயத்தின் மீது எத்தனை விசை?

முதலாண்டு மாணவர்களுக்கு இயக்கவியல் எடுக்கத் தொடங்கி ஆறு வருடம் வரை என் கேள்வித்தாளில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. 5 கிலோகிராம் நிறை, 20 நியூட்டன் விசை, முடுக்கம் என்ன? வகுத்தால் 4. எல்லோரும் போட்டுவிடுவார்கள். நானும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு பையனின் சந்தேகம். எறிபொருள் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன். தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "சார், பந்து மேலே போகும்போது கையோட விசை எந்த இடத்துல தீரும்?" கையை விட்ட கணத்திலேயே தீர்ந்துவிட்டது என்றேன். "அப்புறம் எப்படி சார் மேலே போகுது?" என்றான். கணக்கு முழுவதும் சரி, ஓடும் பொருள் தொடர்ந்து ஓட விசை தேவையில்லை என்கிற நியூட்டனின் முதல் விதி மட்டும் உள்ளே போகவே இல்லை.

இதையெல்லாம் ஏற்கெனவே கவனித்தவர்கள் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனிஸும் இரண்டு சகாக்களும் 1992-இல் வெளியிட்ட 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' என்ற சோதனை இதற்காகவே உருவானது. இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் 30 கேள்விகள். ஒன்றில்கூடக் கணக்கு கிடையாது. அதிலுள்ள தவறான விடைகள் ஆசிரியர் உட்கார்ந்து கற்பனை செய்தவை அல்ல, மாணவர்கள் உண்மையில் நம்புபவை. கேள்விகள் வெளியே பரவினால் சோதனையே செத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதைப் பார்த்து நானே எழுதிய கேள்விகளோடு பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விடைத் தெரிவுகள் இல்லாமல் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். நாணயத்தை நேர் மேலே சுண்டியாயிற்று, கையை விட்டுவிட்டது. மேலே போகும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதன் மீதுள்ள விசைகளை அம்புக்குறியால் காட்டுங்கள். காற்றை விட்டுவிட்டால் மூன்று இடத்திலும் கீழ்நோக்கி ஈர்ப்பு மட்டும்தான், அதனால் முடுக்கமும் மூன்றிலும் ஒன்றேதான். ஆனால் பெரும்பாலான தாள்களில் வேறொரு படம்தான். கீழ்நோக்கி 'ஈர்ப்பு', மேல்நோக்கி 'சுண்டிய விசை'. மேலே போகப் போக இரண்டாவது அம்பு குட்டையாகிக்கொண்டே வருகிறது, உச்சியில் இரண்டும் சமம், அதனால் ஒரு கணம் நிற்கிறது, பிறகு ஈர்ப்பு ஜெயித்துவிடுகிறது. கதை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த தத்துவ அறிஞர் ஜான் புரிடான், எறிபவன் பொருளுக்குள் ஓர் உந்துதலை வைத்து அனுப்புகிறான் என்று வாதிட்டார். கிட்டத்தட்ட அதையேதான் என் மாணவர்கள் பென்சிலால் வரைந்திருந்தார்கள். அதன் பிறகு அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படங்களையே விடைத் தெரிவுகளாக்கினேன். அதிலும் சறுக்கினேன். "காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று எழுத மறந்துவிட்டேன். காற்றையும் சேர்த்து யோசித்தவன் செய்தது சரி, என் விடைக்குறிப்புதான் தப்பு. லாரியும் காரும் மோதும் கேள்வியில் "எதற்குப் பாதிப்பு அதிகம்" என்று எழுதிவைத்தேன், விசையைப் பற்றிய கேள்வி சேதத்தைப் பற்றியதாகிவிட்டது. இன்னொன்று நம் மொழியே வைக்கும் பொறி. 'விசையாக ஓடினான்' என்றால் வேகமாக ஓடினான் என்று பொருள். வேகம் இருந்தால் விசை இருக்கும் என்று மாணவன் எழுதினால், அகராதி அவன் பக்கம்தான். அதனால் விசை என்று வரும் இடங்களில் "எந்தப் பொருள் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது" என்று சேர்த்து எழுத ஆரம்பித்தேன்.

பெரிய தப்பு இவை எதுவும் இல்லை. பாடம் தொடங்கும் முன் வைத்த சோதனை முடிந்ததும் ஆர்வம் தாங்காமல் விடைகளை வகுப்பிலேயே விளக்கிவிட்டேன். பருவ முடிவில் அதே தாளைக் கொடுத்தால் மதிப்பெண் எகிறியது. ஏதோ ஒரு சந்தேகத்தில் நாணயத்தை எடுத்துவிட்டு, வழவழப்பான பனித்தளத்தில் தள்ளிவிட்ட கட்டையை வைத்துக் கேட்டேன். கட்டைக்குள்ளே அந்தப் பழைய விசை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சரி, அடுத்த அணிக்கு மூச்சு விடவில்லை. மதிப்பெண்ணில் சேராது என்று முன்பே சொன்னேன், தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், விடை கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினேன். முன்னேற்றத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: ஏற எவ்வளவு இடம் இருந்ததோ அதில் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்ப்பது. முன்பு நூற்றுக்கு 40, பின்பு 58 என்றால், மீதமிருந்த 60-இல் 18, அதாவது 0.3. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் ஆறாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களின் முடிவுகளை இப்படித் தொகுத்தார். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் தங்களுக்குள் பேசி விவாதித்த வகுப்புகளில் 0.48. என்னுடையது 0.2-ஐத் தொட்டது. நன்றாகப் பாடம் நடத்துபவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அதை ஜீரணிக்கவே ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது கேள்வியைப் போட்டதும் தனித்தனியாக விடை எழுதச் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடச் சொல்கிறேன், மறுபடியும் எழுதச் சொல்கிறேன். அதோடு ஒரே ஒரு விதி: எந்த அம்பு வரைந்தாலும் அதைத் தருவது யார் என்று பக்கத்தில் பெயர் எழுத வேண்டும்.

போன பருவத் தாள் ஒன்றில் மேல்நோக்கி அம்பு போட்டு, பக்கத்தில் 'கை' என்று எழுதி அடித்திருந்தது. அடுத்து 'காற்று', அதற்கும் அடி. கடைசியில் அம்பின் மீதே குறுக்குக் கோடு. விடை சரி. அடுத்த கேள்வி, உச்சியில் நாணயத்தின் முடுக்கம் என்ன? அதே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல், 'சுழி'.